‘வெயிலுக்குத்தான்’ என்கிறாரா அம்மா? மெனோபாஸ் பற்றி நாம் கேட்காமல் விடும் கேள்வி

திருவண்ணாமலையில் ‘உடம்பெல்லாம் தகிக்குது’ என்று யாராவது சொன்னால் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டார்கள். ஊரே அக்னித் தலம். கோடையில் பகல் முழுக்கச் சூடேறிய மலை, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையோரம் பூவும் இளநீரும் விற்கும் பெண்கள், டிபன் கடையில் தோசைக்கல் முன்னால் நிற்கும் பெண்கள், தங்கும் விடுதிகளில் அறை துடைக்கும் பெண்கள் எல்லோரும் நாள் முழுக்க அந்த அனலில்தான் வேலை பார்க்கிறார்கள். ‘வெயிலுக்குத்தான்’ என்ற ஒரே வார்த்தையில் அவர்களுடைய எல்லா உபாதையும் அடங்கிவிடுகிறது.

ஆனால், மார்கழி அதிகாலை. கிரிவலம் போகிறவர்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடக்கிறார்கள். அந்த நேரத்தில் 47 வயதுப் பெண் ஒருவருக்கு நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் வரைக்கும் குப்பென்று சூடு ஏறி, ஜாக்கெட் நனைய வியர்த்து, ஐந்து நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுப் போகிறது என்றால்? அதை வெயில் கணக்கில் எழுத முடியாது. அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கும் பழக்கம்தான் நம்ம வீடுகளில் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: பெரிமெனோபாஸ் அறிகுறிகளோடு அல்லாடும் பெண் தானாக வந்து சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டிலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சரி, முதலில் கேட்க வேண்டியது மற்றவர்கள்தான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

உங்களுக்கு 25 வயது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அம்மாவுக்கு 21, 22 வயதில் நீங்கள் பிறந்திருந்தால், இப்போது அவருக்கு 46 அல்லது 47. உலக அளவில் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46-47 வயதிலேயே நின்றுவிடுகிறது; மேற்கத்திய நாடுகளைவிட நாலைந்து வருஷம் முன்னால்.

அதாவது, நீங்கள் முதல் வேலையில் சேர்ந்து, சென்னையிலோ பெங்களூருவிலோ பி.ஜி.யில் தங்கி, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் போடுகிற அதே வருஷங்களில்தான் அம்மாவின் உடம்பு பெரிய மாற்றம் ஒன்றைக் கடக்கிறது. ‘அம்மா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோபப்படுறாங்க’ என்று தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகாருக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

மெனோபாஸ் வேறு, பெரிமெனோபாஸ் வேறு

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால், வேறு காரணம் எதுவும் இல்லாத பட்சத்தில், அதுதான் மெனோபாஸ். அதற்கு முந்தைய காலம் பெரிமெனோபாஸ். இது சிலருக்கு ஓரிரு வருஷத்தில் முடியும். பலருக்கு நான்கு முதல் எட்டு வருஷம் வரைகூட நீளும். ஆக, 40-ஐத் தாண்டியதுமே இது தொடங்கியிருக்க வாய்ப்பு இருக்கிறது.

இந்தக் காலத்தில் சினைப்பையிலிருந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் எகிறும், மறு மாதம் சரியும். மூளை, எலும்பு, ரத்தக்குழாய், தோல், சிறுநீர்ப்பாதை என்று பல இடங்களில் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை இருக்கிறது. அதனால்தான் அறிகுறிகளும் ஒரே இடத்தில் நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவித் தெரிகின்றன.

மாதவிடாய் 20 நாளில் ஒருமுறை, அப்புறம் 50 நாள் கழித்து ஒருமுறை என்று தாறுமாறாக வரும். சில மாதம் கொட்டும், சில மாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். திடீர் உடல் சூடு, ராத்திரி வியர்வை, விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு, படபடப்பு, மூட்டு வலி, சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுபோவது, காரணமே இல்லாத அழுகை, எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. எல்லோருக்கும் எல்லாமும் வராது. சிலருக்கு எதுவுமே தெரியாமல் நின்றுவிடும். மேற்கில் பெண்கள் அதிகம் சொல்வது ‘ஹாட் ஃபிளாஷ்’. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில் பெண்கள் அதிகம் சொன்னது மூட்டு வலியும் அசதியும். அதனால் ‘சூடு வரலையே, அப்ப இது மெனோபாஸ் இல்ல’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். பெரிமெனோபாஸ் காலத்திலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. 50 வயதுக்குக் கீழே மாதவிடாய் நின்றவர்கள், கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு வருஷம் வரை கருத்தடையைக் கைவிட வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை.

வெயிலா, வேறயா?

வெயில் சூடு வெளியில் இருந்து வருவது. நிழலுக்குப் போனால், தண்ணீர் குடித்தால் குறையும். ஹாட் ஃபிளாஷ் உள்ளே இருந்து வருவது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் வரும், ஐப்பசி அடைமழையிலும் வரும். பெரும்பாலும் மார்பில் தொடங்கி முகத்துக்கு ஏறும். சில நிமிடங்களில் அடங்கும், பின்னாலேயே குளிரும். மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் சமநிலை தவறுகிறது. இல்லாத வெப்பத்தை இருப்பதாக எண்ணி, அது வியர்க்க வைக்கிறது.

நம்ம ஊரில் இதற்கு ‘உடம்புச் சூடு’, ‘பித்தம்’ என்று பெயர் வைத்து மோர், நன்னாரி சர்பத், எண்ணெய்க் குளியல் என்று சமாளிப்பார்கள். இதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த நேரத்துக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் ராத்திரிக்கு நாலு முறை நனைந்து எழுந்து, பகலில் கண்ணைத் திறக்க முடியாமல் வேலை செய்யும் ஒருவருக்கு மோர் போதாது.

நாலு டாக்டர், நாலு சீட்டு

அறிகுறிகள் சிதறிக் கிடப்பதால் சிகிச்சையும் சிதறிவிடுகிறது. மூட்டு வலிக்கு எலும்பு டாக்டர். படபடப்புக்கு இதய டாக்டர். தூக்கம் வரலைன்னு சொன்னால் ஒரு தூக்க மாத்திரை. நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக். நாலு சீட்டும் ஒரே மஞ்சப்பையில் இருக்கும். ஆனால் ‘கடைசியா எப்போ மாதவிடாய் வந்தது?’ என்ற கேள்வி அந்த நாலு இடத்திலும் வராமல் போகலாம். ஏனென்றால், 45-ஐத் தாண்டிய பெண்ணிடம் அதைக் கேட்பது கூச்சம் என்று டாக்டரும் நினைக்கலாம், சொல்வது கூச்சம் என்று அவரும் நினைக்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடுவதும் ஆபத்து. தைராய்டு கோளாறு, ரத்தசோகை, சர்க்கரை நோய் மூன்றும் இதே மாதிரி அசதியையும் படபடப்பையும் கொடுக்கும். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் இருந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு வழக்கமான அறிகுறிகள் இருந்தால், பெரிமெனோபாஸை உறுதி செய்யப் பெரும்பாலும் ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால் அந்த ரிப்போர்ட்டில் பெரிய பயனும் இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இந்த நாலையும் பார்ப்பது அதைவிட முக்கியம்.

கோயில் ஊரில் ஒரு மாத்திரை

திருவண்ணாமலைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம், வீட்டு விசேஷம், குலதெய்வப் பொங்கல் என்று நாள் குறித்த பிறகு ‘அந்த நாள்ல வந்துடுச்சுன்னா?’ என்ற பயம். சுழற்சி சீராக இருந்த வயதில் நாள்காட்டியைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். பெரிமெனோபாஸில் எப்போது வரும் என்றே தெரியாது. அப்போதுதான் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ உள்ளே வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமலே பல மெடிக்கல்களில் கிடைக்கிறது.

பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. டாக்டர் பார்த்து, எப்போதாவது ஒருமுறை எடுப்பது வேறு. 46 வயதில், ரத்த அழுத்தமோ உடல் பருமனோ ரத்தம் உறையும் சிக்கலோ இருக்கிறதா என்று தெரியாமல், விசேஷத்துக்கு விசேஷம் வாங்கிப் போடுவது வேறு. ரத்தம் உறைதல் அபாயம் இதில் இருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, உடம்பு காட்டும் அடையாளத்தையே இது அழித்துவிடுகிறது. இரண்டு மாதம் தள்ளிப்போனது மாத்திரையாலா, பெரிமெனோபாஸாலா? நடுவில் வந்த ரத்தம் மாத்திரை நிறுத்தியதாலா, கர்ப்பப்பையில் ஏதாவது பிரச்சினையாலா? யாராலும் சொல்ல முடியாது.

சாமியா, உடம்பா என்று இங்கே யாரும் வழக்குப் போடவில்லை. மாத்திரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான் வேண்டுகோள். மெடிக்கலுக்கு உங்களையே அனுப்பி வாங்கி வரச் சொன்னால், ‘பி.பி. பார்த்தியாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

‘விட்டது தொல்லை’ - அப்புறம்?

நம்ம ஊர்ப் பெண்கள் ஏன் சொல்வதில்லை என்பதற்குக் கூச்சம் மட்டும் காரணம் கிடையாது. மாதவிடாய் நிற்பது இங்கே பலருக்கு நிம்மதி. துணி அலச வேண்டாம், தூரம் உட்கார வேண்டாம், நினைத்த நாளில் கோயிலுக்குப் போகலாம், சபரிமலைக்கு இருமுடி கட்டலாம். ‘விட்டது தொல்லை’ என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஒதுக்கிவைக்கப்பட்டவருக்கு அது விடுதலைதான்.

சிக்கல் என்னவென்றால், விடுதலை என்று கொண்டாடும் ஒன்றிலிருந்து துன்பமும் வரும் என்று யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. மாதவிடாய் நின்றது நல்ல சேதி. மூட்டு வலி ‘வயசாச்சு’. தூக்கமின்மை ‘பொண்ணு கல்யாணக் கவலை’. எரிச்சல் ‘அவ சுபாவம்’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் ரெடியாக இருக்கிறது.

ரமணாசிரமத்துக்குள் நுழைபவர்கள் மாத்ருபூதேஸ்வரர் சன்னதியைப் பார்த்திருப்பார்கள். 1922-ல் மறைந்த ரமணரின் தாய் அழகம்மாளின் சமாதி மேல் எழுந்த கோயில் அது. அம்மாவைக் கும்பிட நமக்கு நன்றாகவே தெரியும். ராத்திரி தூங்கினாயா என்று அம்மாவிடம் கேட்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாகிடுமா?

கேட்காமல் விடுவதன் விலை சில நேரம் ஒரு அறுவை சிகிச்சை. பெரிமெனோபாஸில் ரத்தப்போக்கு அதிகமாவது சகஜம். மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று பல வழிகள் இருக்கின்றன. ஆனால் பொறுத்துப் பொறுத்து, ரத்தசோகையோடு மருத்துவமனைக்குப் போகும்போது ‘குழந்தைதான் பெத்தாச்சே, எடுத்துடலாமே’ என்பதுதான் முதல் தீர்வாக முன்னால் வந்து நிற்கிறது.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் நடந்தது நாடறிந்த கதை. கரும்பு வெட்டும் பெண்கள் வேலை நாள் போய்விடக் கூடாது என்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானது. மாநில அரசு அமைத்த குழு ஆய்வு செய்தபோது, சுமார் 82 ஆயிரம் கரும்புத் தொழிலாளப் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தது தெரியவந்தது.

ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கப்படுவதை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற அறுவை சிகிச்சையைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலும் இது செல்லும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மெல்ல மெல்ல வர வேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும். எலும்புத் தேய்மானமும் இதய நோய் அபாயமும் அதே வேகத்தில் முன்னால் வரும். புற்றுநோய் போன்ற நிலைகளில் இந்த அறுவை சிகிச்சை உயிர் காக்கும். அதில் சந்தேகமே இல்லை. மற்ற நேரங்களில் ‘வேறு வழி இருக்கா டாக்டர்?’, ‘சினைப்பையையும் எடுப்பீங்களா?’ என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சைன்னா பயமா?

‘ஹார்மோன் எடுத்தா கேன்சர் வரும்’ என்ற பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. எவ்வளவு என்றால், ஆண்டுக்கு 10 ஆயிரம் பெண்களில் கூடுதலாக 8 பேர். தலைப்புச் செய்திகளில் அந்த எண் காணாமல் போனது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதும் காணாமல் போனது. அதாவது, மெனோபாஸ் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் பலர்.

அதன் பிறகான மறுஆய்வுகள் சொல்வது: 60 வயதுக்குக் கீழே, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், கடுமையான அறிகுறி உள்ள ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும், இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த கடும் எச்சரிக்கையை நீக்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இங்கிலாந்தில் 2023 ஏப்ரலிலிருந்து, வருஷத்துக்கு இரண்டு முறை மருந்துச் சீட்டுக் கட்டணம் கட்டும் தொகைக்கே ஆண்டு முழுவதும் ஹார்மோன் மருந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இது எல்லோருக்குமான மருந்து கிடையாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், தீவிர கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. தூக்கத்துக்கும் சூட்டுக்கும் சிபிடி எனப்படும் பேச்சுவழி சிகிச்சை உதவுகிறது. வறட்சிக்கும் திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்புக்கும் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

சாப்பாட்டு விஷயத்தில் நம்ம மாவட்டம் கொடுத்துவைத்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். களியும் கூழும் ஆடி மாதத்துக்கு மட்டும் என்று இல்லாமல் தினப்படி ஆகலாம். ஜவ்வாது மலைச் சாமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எலும்புக்கு நடை நல்லது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை, தினம் அரை மணி நேரம் அதன் ஒரு துண்டு போதும். ஆனால் கேழ்வரகும் நடையும் எலும்புக்கு உதவுமே தவிர, ஹாட் ஃபிளாஷை நிறுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கே போவது, என்ன சொல்வது?

முதல் படி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அங்கேயே பார்த்துவிடலாம். அடுத்தது, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவு. ‘அது பிரசவத்துக்குப் போற இடமாச்சே, வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிற சின்னப் பொண்ணுங்க நடுவுல நான் போய் உட்காரவா?’ என்ற தயக்கம் 48 வயதுப் பெண்ணுக்கு வரும். நியாயமான தயக்கம். கூட ஒருவர் போனாலே அது பாதியாகக் குறையும். போன் வழியாக ஆலோசனை கேட்க 104. மனச்சோர்வு, பதற்றம், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.

போகும்போது ஒரு காகிதத்தில் ஆறு விஷயம் எழுதிக்கொண்டு போனால் போதும்: கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், எத்தனை நாள், எவ்வளவு போக்கு, ராத்திரி எத்தனை முறை முழிப்பு, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், எலும்பு முறிவு, இதய நோய் யாருக்காவது உண்டா என்பது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ‘திரும்ப வந்துடுச்சு’ என்று சந்தோஷப்படும் விஷயம் அது இல்லை. கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போக்கு, கட்டி கட்டியாக ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், மார்பில் கட்டி, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நிற்பது, இவையும் உடனே பார்க்க வேண்டியவை.

பி.பி. பார்க்க வருபவர் ஒரு கேள்வியும் கேட்கலாமே

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்வான தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 45 வயதைத் தாண்டியவர்கள் இதில் முக்கியமான பயனாளிகள்.

யோசித்துப் பாருங்கள். பெரிமெனோபாஸ் வயதில் இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலுக்கே, அதே ஊர்ப் பெண் ஒருவர், கையில் கருவியோடு வருகிறார். ஆண் டாக்டரிடம் சொல்லத் தயங்கும் விஷயத்தை அவரிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியும். இதைவிட நல்ல வாய்ப்பு எந்த மாநிலத்துக்குக் கிடைக்கும்? அவருடைய பதிவேட்டில் மூன்றே கேள்விகளைச் சேர்த்தால் போதும்: மாதவிடாய் சீராக வருகிறதா, நின்றுவிட்டதா? தூக்கம், சூடு, மனநிலையில் தொந்தரவு உண்டா? நின்ற பிறகு ரத்தம் பட்டதா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், நேராக மருத்துவமனைக்குப் பரிந்துரை. புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். தன்னார்வலர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சியும், கூடுகிற வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகையும் வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு மதியம், பிரசவக் கூட்டம் இல்லாத நேரத்தில், 40 வயதைக் கடந்த பெண்களுக்கென்று தனி ஓ.பி. நடத்தினால் அந்தப் பரிந்துரைக்கு ஒரு முகவரியும் கிடைத்துவிடும்.

‘அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லையே’

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். இயற்கையாக நடப்பதை ஏன் நோயாக்க வேண்டும்? பாட்டி மாத்திரை சாப்பிட்டாரா?

மெனோபாஸ் நோய் இல்லை, சரிதான். பிரசவமும் நோய் இல்லை. ஆனால் அதற்கு மருத்துவமனை வேண்டும் என்று முடிவு செய்தோம். அதனால் தாய்மார்கள் உயிர் பிழைத்தார்கள். சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. மெனோபாஸைப் பார்க்கும் வயதுவரை பல பெண்கள் இருக்கவே இல்லை. இருந்தவர்கள் சொல்லவில்லை. இன்று மாதவிடாய் நின்ற பிறகும் 25 வருஷத்துக்கு மேல் ஒரு பெண் வாழ்கிறார். வாழ்க்கையின் மூன்றில் ஒரு பங்கு அது.

சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. தொந்தரவு இல்லாதவருக்கு மருந்தைத் திணிக்க யாரும் கேட்கவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது, இதற்கு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கும், தெரியாமலே பொறுத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையா?

இன்னைக்கு ராத்திரி போன்ல

‘நல்லா இருக்கியாம்மா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன், நீ சாப்டியா?’ என்பதுதான் பதிலாக வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். ‘ராத்திரி எத்தனை தடவை முழிக்கிற?’, ‘திடீர்னு சூடா ஆகி வேர்த்துக் கொட்டுதா?’, ‘மாசா மாசம் சரியா வருதா, தள்ளிப் போகுதா?’ என்று கேளுங்கள். மகன் கேட்டால் அம்மா முதலில் பேச்சை மாற்றுவார். பரவாயில்லை, அடுத்த வாரம் திரும்பவும் கேளுங்கள். அப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். ராத்திரி அம்மா மின்விசிறியைக் கூட்டி வைத்தால் ‘குளிருது, கொறை’ என்று சண்டை போடாமல் இருக்க அவருக்கும் காரணம் தெரிய வேண்டும்.

ஆபீஸில் உங்கள் டீம் லீடுக்கு 46 வயது என்றால், மீட்டிங் நடுவில் அவர் ஜன்னலைத் திறப்பதை வைத்து ஜோக் அடிக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ‘முடியல’ என்று உட்கார்ந்தால், சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுத்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு நாள் கூடுதல் லீவும் எடுத்துப் போங்கள். அந்த நாலு சீட்டையும், ஆறு விஷயம் எழுதிய காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, காலை ஓ.பி. நேரத்தில் அம்மாவோடு வரிசையில் நில்லுங்கள்.